ஒற்றைக் குதிரைக்குத் துணை தேடுவது எப்படி: கொட்டகை ஒழுங்கு செய்வதிலிருந்து ஒன்றாய் மேய விடுவது வரை

இரண்டு குதிரையில் ஒன்று செத்துப்போனால் மிச்சமிருப்பது என்ன பாடுபடும் என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். என் செவலைப் பெண்குதிரை மூன்று நாள் வேலி ஓரமாகவே நடந்தது. போய்ப் போய்த் திரும்பிய தடத்தில் புல் செத்து மண் தெரிந்தது. சோளத்தட்டு போட்டால் இரண்டு வாய் கடித்துவிட்டுத் தலையைத் தூக்கி ரோட்டுப் பக்கம் பார்த்துக் கனைக்கும். தாங்க முடியாமல் அந்த வாரமே ஒரு குதிரையை வாங்கி வந்து பக்கத்தில் கட்டினேன். ஏழாம் நாள் புதியதற்குக் காய்ச்சல் வந்து, தாடைக்கு அடியில் கட்டி வீங்கிச் சீழ் வடிந்தது. அடுத்த பத்து நாளில் என் குதிரைக்கும் அதே நோய். இரண்டும் பிழைத்தன, ஆனால் இரண்டு மாதம் ஆனது.

அதற்குப் பிறகு தெரிந்தவர்கள் ஏழெட்டுப் பேருக்குத் துணைக்குதிரை பார்த்துக் கொடுத்திருக்கிறேன். எல்லாரும் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். குதிரையை முதலில் வாங்கிவிடுகிறார்கள். வேலி, டாக்டர், தீவனம் எல்லாவற்றையும் பிறகு தேடுகிறார்கள். இந்த வேலையில் குதிரை கடைசியில் வர வேண்டும். கீழே சொல்லும் வரிசை அதற்காகத்தான்.

அதுவரை ஒற்றைக் குதிரையைத் தனியே விடாதீர்கள். ஆடோ மாடோ கண்ணுக்குத் தெரியும் இடத்தில் கட்டுங்கள். முழு ஆறுதல் ஆகாது, ஆனால் ஒரு மாதம் தள்ள உதவும். நீங்கள் நிதானமாகத் தேட அந்த ஒரு மாதம் வேண்டும்.

1. என்ன வேலைக்கு என்று காகிதத்தில் எழுதுங்கள்

துணைக்குதிரைக்கு ஒரே வேலைதான்: பக்கத்தில் நின்று, சேர்ந்து மேய்ந்து, உங்கள் குதிரை படுத்துத் தூங்கும்போது காவல் நிற்பது. சவாரி தேவையில்லை, வண்டி இழுக்கத் தேவையில்லை. அதனால் மற்றவர்கள் ஒதுக்கும் பல குறைகள் உங்களுக்குக் குறையே இல்லை. ஒரு கண் போனது, 18 வயதானது, ஓடினால் லேசாகக் காலைத் தாங்குவது, இதெல்லாம் பரவாயில்லை.

ஆனால் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்கக் கூடாது. மனிதர் கைக்கு வர வேண்டும். நான்கு காலையும் தூக்கக் கொடுக்க வேண்டும். கட்டினால் நிற்க வேண்டும். மற்ற குதிரையைத் துரத்தித் துரத்திக் கடிக்கும் பழக்கம் இருக்கக் கூடாது. குளம்பைத் தொட விடாத குதிரை எவ்வளவு சாதுவாகத் தெரிந்தாலும் ஆறு வாரத்துக்கு ஒருமுறை உங்களுக்குப் போராட்டம்தான்.

"துணைக்கும் ஆச்சு, பையன் சவாரி கத்துக்கவும் ஆச்சு" என்று நினைத்துப் போகிறவர்கள் அதிகம். இரண்டுக்கும் பொருந்தும் குதிரை அரிது, விலையும் கூட. சவாரிக் கண்ணோடு பார்த்தால் இளசாக, துடிப்பாக இருப்பதைத்தான் கை பிடிக்கும். அது துணைக்கு ஆகாது.

காயடிக்காத ஆண்குதிரையை முதல் தடவை வாங்குகிறவர் தவிர்ப்பது நல்லது. நம் பக்கம் ஆண்குதிரைகளைப் பெரும்பாலும் காயடிக்காமலேதான் வைத்திருக்கிறார்கள், அதனால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வாங்கிய பின் காயடித்தாலும் குறைந்தது ஆறு வாரம் பெண்குதிரையிடம் விடக் கூடாது. அதற்குள் சினை பிடிக்க வாய்ப்பு உண்டு. பெண்குதிரை வாங்கினால் சினைப் பரிசோதனை செய்யுங்கள். சினைக்காலம் 11 மாதம். ஒன்று வாங்கி இரண்டாக ஆனவர்களை எனக்குத் தெரியும்.

கழுதையும் துணையாக இருக்கும். பாசமும் நிலையானது, தீனியும் குறைவு. ஒரே எச்சரிக்கை: கழுதையின் உடம்பில் வெளியே தெரியாமல் இருக்கும் நுரையீரல் புழு குதிரைக்குத் தொற்றினால் விடாத இருமல் வரும். குடற்புழு மருந்து கொடுத்த பிறகே சேர்க்க வேண்டும்.

2. இடத்தைத் தயார் செய்யுங்கள்

முதலில் வேலி. நம் தோட்டங்களில் இருப்பது முள்கம்பி. மாடு முள்கம்பியைக் கண்டால் நிற்கும். மிரண்ட குதிரை நிற்காது, பாய்ந்துவிடும். புதுக்குதிரை வந்த முதல் வாரத்தில் நடக்கும் பெரிய காயங்களில் பாதி முள்கம்பியால் வருவதுதான், நான் பார்த்தவரை. மேய்ச்சல் இடம் முழுக்க மாற்ற வசதி இல்லையென்றால் உள்பக்கம் நாலடி தள்ளி மூங்கிலோ மரக்கட்டையோ கட்டுங்கள், அல்லது சோலார் வேலியில் அகலமான வெள்ளை நாடா ஓட்டுங்கள். கம்பியை விட நாடா குதிரையின் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்.

கொட்டகை ஒரு குதிரைக்குப் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி, மட்டக்குதிரைக்குப் பத்துக்குப் பத்து. சிமெண்ட் தரை மட்டும் போதாது. மேலே மணலோ வைக்கோலோ கனமாகப் பரப்ப வேண்டும். ஈரத்தில் நின்றால் குளம்பின் அடியில் அழுகி, கறுப்பாக நாற்றம் வரும்.

அப்புறம் வேலி ஓரச் செடிகள். அரளி, ஆமணக்கு, உண்ணிச்செடி மூன்றும் குதிரைக்கு விஷம். அரளி இலை கொஞ்சம் போதும், இதயத்தை நிறுத்திவிடும். பழகிய குதிரை தொடாமல் இருக்கலாம், புதியது பசியில் கடித்துப் பார்க்கும். குதிரை வருவதற்கு முன்பே பிடுங்கி, அங்கேயே போடாமல் எரித்துவிடுங்கள். காய்ந்த அரளியிலும் விஷம் போகாது. புகையில் நிற்காதீர்கள், புகையும் நஞ்சு.

இதோடு தனியாக இன்னொரு இடமும் வேண்டும், முதல் 21 நாளுக்கு. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். இப்போதே ஒதுக்கி வையுங்கள், குதிரை வண்டியில் நிற்கும்போது யோசிக்க நேரம் இருக்காது.

3. டாக்டரும் லாடக்காரரும்

பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்தில் போய், "குதிரை பார்த்த அனுபவம் உண்டா" என்று நேராகக் கேளுங்கள். தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மாடு பார்ப்பதிலேயே நாள் போகும் டாக்டர்கள், குதிரை பார்க்கும் சக டாக்டரின் எண்ணைத் தருவார்கள். சென்னை வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பெரிய சிக்கல் என்றால் அங்கேதான் போக வேண்டி வரும், எனவே தூரத்தையும் வண்டி வாடகையையும் இப்போதே விசாரித்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு 1962 என்ற நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி எண் இருக்கிறது. ராத்திரி குதிரைக்கு வயிற்றுவலி வந்து புரளும்போது இந்த எண்கள் சுவரில் எழுதியிருக்க வேண்டும்.

லாடம் அடிப்பவர் கிடைப்பது டாக்டரை விடக் கஷ்டம். துணைக்குதிரைக்கு லாடம் வேண்டியதில்லை, ஆனால் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவ வேண்டும். மாட்டுக்கு லாடம் அடிப்பவர் குதிரைக் குளம்பில் கை வைத்தால் கோணலாகிவிடும். குதிரைவண்டிப் பந்தயம் ஓட்டுபவர்களிடம் கேளுங்கள், அவர்களுக்கு ஆள் தெரியும்.

4. தீவனக் கணக்கு

குதிரைக்கு ஒரு நாளைக்கு அதன் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் வரை உலர்ந்த தீவனம் வேண்டும். எடை போட மேடை தேவையில்லை, டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்த சென்டிமீட்டரை அதே எண்ணால் பெருக்குங்கள். அதைத் தோள்முனையிலிருந்து பின்பக்க முனை வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுங்கள். சுற்று 150, நீளம் 150 என்றால் சுமார் 284 கிலோ. அதற்கு 2 சதவீதம் என்பது ஆறு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பச்சைப்புல்லில் ஐந்தில் ஒரு பங்குதான் உலர் எடை, அதனால் புல் மட்டும் போட்டால் 28 கிலோ வெட்ட வேண்டி வரும். இந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் பலருக்குத் தங்கள் அரை ஏக்கர் போதாது என்று தெரிகிறது. வயதான மட்டக்குதிரையின் விலையை விட ஒரு வருடத் தீவனமும் வைத்தியமும் பல சமயம் கூடுதலாக வரும்.

கோ-4, கோ-5 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்தான் நம்மிடம் அதிகம். அதை மட்டுமே மாதக்கணக்கில் போடக் கூடாது. அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடும். கூடவே தினமும் தவிடும் வைத்தால் பாஸ்பரஸ் கூடி நிலைமை இன்னும் மோசமாகும். முகத்து எலும்பு வீங்கி, நடை கெடும். குதிரை மசால் (லூசர்ன்) என்ற பசுந்தீவனத்தைக் கலந்து கொடுங்கள். பெயரிலேயே குதிரை இருக்கும் தீவனம் அது, சுண்ணாம்புச் சத்து நிறைய உண்டு. சோளத்தட்டு இளசாக இருக்கும்போது வேண்டாம். வைக்கோல் வயிற்றை நிரப்பும், சத்து குறைவு; தண்ணீர் குறைவாகக் குடிக்கும் குதிரைக்குக் குடலில் அடைத்துக்கொள்ளும்.

கொள்ளு ஊறவைத்தோ வேகவைத்தோ கொஞ்சமாகக் கொடுக்கலாம். சும்மா நிற்கும் துணைக்குதிரைக்குத் தானியம் பெரும்பாலும் தேவையே இல்லை. அதிகமானால் குளம்புக்குள் வீக்கம் வந்து நிரந்தரமாக நொண்டிவிடும்.

ஒன்றை மட்டும் கட்டாயம் நினைவில் வையுங்கள். கோழித் தீவனமோ மாட்டுத் தீவனமோ குதிரைக்குப் போடவே கூடாது. சிலவற்றில் மோனென்சின் என்ற மருந்து கலந்திருக்கும். கோழிக்கும் மாட்டுக்கும் ஒன்றும் ஆகாத அளவு, குதிரையைக் கொன்றுவிடும். பூசணம் பிடித்த மக்காச்சோளமும் அப்படித்தான், மூளையைத் தாக்கும்.

5. எங்கே தேடுவது

முதலில் தெரிந்த வட்டாரத்தில் சொல்லிவையுங்கள்: லாடக்காரர், டாக்டர், சவாரிப் பள்ளி, பந்தய வண்டி வைத்திருப்பவர்கள். பந்தயத்திலிருந்து ஓய்வு கொடுத்த வண்டிக்குதிரை நல்ல துணை. கூட்டத்துக்கும் சத்தத்துக்கும் பழகியது, கட்டினால் நிற்கும். அதன் குணத்தை ஐந்தாறு வருடமாகப் பார்த்த ஆளிடமே வாங்குவதும் பெரிய நன்மை.

ஊட்டி, கொடைக்கானலில் சுற்றுலாச் சவாரிக்கு ஓடிய மட்டக்குதிரைகள் சாதுவானவை. மலைக்குளிரில் வளர்ந்தவை என்பதால் சித்திரை, வைகாசியில் கீழே இறக்காதீர்கள். வெயிலில் சில குதிரைகளுக்கு வியர்வையே நின்றுபோகும், மூச்சு வாங்கித் தவிக்கும். கார்த்திகையிலிருந்து தை வரை நல்ல காலம். ஊட்டி ரோட்டில் திரியும் குதிரையைப் பார்த்து யாருமற்றது என்று ஏற்றி வரவும் கூடாது. பலவற்றுக்கு உரிமையாளர் உண்டு. நீலகிரியில் கைவிடப்பட்ட குதிரைகளைப் பராமரிக்கும் காப்பகங்கள் இருக்கின்றன, அவர்களிடம் கேட்பது முறை.

ரேஸ் மைதானத்தில் ஓடி ஓய்ந்த உயர்சாதிக் குதிரைகள் (தரோபிரெட்) குறைந்த விலைக்கும், சில சமயம் சும்மாவும் கிடைக்கும். எடை 450 கிலோவுக்கு மேல், தோல் மெல்லியது, தீனி அதிகம். சிறு வயதிலிருந்தே தனித்தனி அறையில் நின்றதால் மற்ற குதிரையோடு பழகத் தெரியாமல் இருக்கும். புதியவர்களுக்கு நான் சொல்வதில்லை.

பிறகு சந்தை. ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோவில் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தைக்கு மார்வாரி, கத்தியவாரி, நாட்டுக்குதிரை, மட்டக்குதிரை எல்லாம் வரும். பார்த்துக் கண் பழக அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் முதல் முறை போகும்போது பணம் எடுத்துப் போகாதீர்கள். பல ஊர்க் குதிரைகள் ஒரே தொட்டியில் தண்ணீர் குடிக்கும் இடம் அது. துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும் தரகர் உங்களை விட நூறு மடங்கு அனுபவசாலி. பிடித்த குதிரையின் ஊரையும் உரிமையாளரின் எண்ணையும் வாங்கிக்கொண்டு, சந்தை கலைந்த பிறகு அதன் சொந்தக் கட்டுத்தரையில் போய்ப் பாருங்கள். வீட்டில் நிற்கும்போதுதான் குதிரையின் நிஜ குணம் தெரியும்.

சுழி, அதாவது உடம்பில் முடி சுழித்திருக்கும் இடம் பற்றி ஒரு வார்த்தை. ஆகாத சுழி என்று நல்ல குதிரை விலை போகாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். சுழியால் குணம் மாறி நான் கண்டதில்லை, அப்படி ஒதுக்கப்பட்ட ஒன்று எங்கள் தோட்டத்திலேயே எட்டு வருடமாய் இருக்கிறது. ஆனால் வீட்டுப் பெரியவர்களிடம் முன்பே கேட்டுவிடுங்கள். வாங்கி வந்த பிறகு வீட்டில் ஏதாவது நடந்தால் பழி குதிரை மேல் விழும், விற்கச் சொல்வார்கள்.

6. நேரில் பார்க்கும்போது

முதல் முறை சொல்லாமல் போக முடியாது, ஆனால் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி முன்பே போங்கள். குதிரையை ஏற்கெனவே குளிப்பாட்டி, நடக்க விட்டுத் தயாராக நிறுத்தியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். காலையில் விறைப்பாக நடக்கும் குதிரையைக் கொஞ்சம் நடத்திவிட்டால் சரியாக இருப்பது போலத் தெரியும்.

முதல் பத்து நிமிடம் கிட்டே போகாமல் தள்ளி நின்று பாருங்கள். தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே நிற்கிறதா, கட்டையைப் பல்லால் கவ்விக் காற்றை விழுங்குகிறதா? தனிமையில் வரும் பழக்கங்கள் இவை, வந்துவிட்டால் எளிதில் போகாது. லத்தி உருண்டையாக விழுகிறதா என்றும் பாருங்கள்.

பிறகு நெஞ்சைத் தொட்டு ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஓய்வில் நாடி 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16, உடல் வெப்பம் ஃபாரன்ஹீட்டில் 99.5 முதல் 101.5. ஒரு தெர்மாமீட்டர் பையில் இருக்கட்டும். நாடி 50-க்கு மேல் இருந்து குதிரை அமைதியாகத் தெரிந்தால், எங்கோ வலி இருக்கிறது என்று அர்த்தம்.

வயது என்று விற்பவர் சொல்லும் எண்ணை நம்ப வேண்டாம், வாயைத் திறந்து பாருங்கள். ஐந்து வயதில் வெட்டுப்பற்கள் முழுதும் நிரந்தரப் பற்களாக இருக்கும். மேல்வரிசை ஓர வெட்டுப்பல்லில் ஈறு ஓரம் ஒரு பழுப்புக் கோடு தோன்றினால் சுமார் 10 வயது. பாதிப் பல் வரை இறங்கியிருந்தால் 15. முழு நீளம் என்றால் 20. துல்லியம் இல்லை, ஆனால் 20 வயதுக் குதிரையை எட்டு என்று விற்பதைத் தடுக்கும். முன்பற்களின் விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் கட்டையைக் கவ்வும் பழக்கம் இருக்கலாம்.

நடை. மணலில் காட்டினால் ஏற்காதீர்கள், கெட்டித் தரையில் கயிற்றைத் தளர்த்திப் பிடித்து மெதுவோட்டம் ஓடச் சொல்லுங்கள். முன்னங்காலில் வலி இருந்தால், அந்தக் கால் தரையைத் தொடும்போது தலை மேலே தூக்கும். லேசாகத் தாங்கினால் பரவாயில்லை என்று முன்னால் சொன்னேன். ஆனால் நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி வைக்கும், அல்லது முன்னங்கால்களை நீட்டிப் பின்னால் சாய்ந்து நிற்கும் குதிரை வேண்டாம். அதற்குத் தினமும் வலி.

கடைசியாக, நீங்களே காலைத் தூக்கிப் பாருங்கள். விற்பவர் தூக்கிக் காட்டுவது கணக்கில்லை. அப்புறம் கொஞ்சம் புல்லோடு இன்னொரு குதிரையை அருகே கொண்டுவரச் சொல்லுங்கள். காதைப் பின்னால் மடித்து ஒருமுறை எச்சரித்துவிட்டுத் தின்னத் தொடங்கினால் நல்லது. புல்லை விட்டுவிட்டுத் துரத்தப் போனால் வேண்டாம்.

இன்னொரு நாள், சொல்லாத நேரத்தில், மறுபடியும் போங்கள். வலி மருந்தோ மயக்க மருந்தோ கொடுத்து அமைதியாக நிறுத்தியிருந்தால் இரண்டாம் முறையில் தெரிந்துவிடும். என்னிடம் ஒருவர் வாங்கித் தரச் சொன்ன வெள்ளைக் குதிரை முதல் நாள் பசுவைப் போல நின்றது. நான்காம் நாள் போனபோது கொட்டகைக் கதவை உதைத்துக்கொண்டிருந்தது.

7. ரத்தப் பரிசோதனை, பணம் கொடுக்கும் முன்

இதைத் தவிர்க்கச் சொல்லும் விற்பவரிடம் வாங்காதீர்கள். முக்கியமானது கிளாண்டர்ஸ். குதிரையிலிருந்து மனிதருக்கும் தொற்றும் நோய் இது. 2009-ஆம் ஆண்டின் விலங்கு தொற்றுநோய்ச் சட்டப்படி அரசுக்கு அறிவித்தே ஆக வேண்டும். உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலை செய்வார்கள். கால்நடைப் பராமரிப்புத் துறை வழியாக மாதிரி ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்துக்குப் போகும். முடிவு வர நாளாகும், அதை உங்கள் கால அட்டவணையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சர்ரா. ரத்தம் உறிஞ்சும் பெரிய ஈக்கள் பரப்புவது. நன்றாகத் தின்னும் குதிரை மெலிந்துகொண்டே போகும், விட்டு விட்டுக் காய்ச்சல் வரும், வயிற்றடியிலும் காலிலும் நீர் கோத்துக்கொள்ளும். மருந்து உண்டு, ஆனால் முன்பே தெரிய வேண்டும். குதிரைத் தொற்று ரத்தசோகைக்கும் சேர்த்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அதற்கு மருந்தே இல்லை.

8. எழுதி வாங்குங்கள்

ஒரு பக்கம் போதும். குதிரையின் நிறம், இஞ்சில் உயரம், வெள்ளைக் குறிகள், சுழிகள் இருக்கும் இடம், பரிசோதனை முடிவு, தேதி, விலை, இரண்டு கையெழுத்து. சுழியை ஏன் எழுத வேண்டும் என்றால், ஒரு குதிரையின் சுழிகள் அமைந்த விதம் இன்னொன்றுக்கு அப்படியே அமையாது. பரிசோதித்த குதிரையும் வண்டியில் ஏறும் குதிரையும் ஒன்றுதானா என்று பார்க்க அது உதவும்.

முடிந்தால் ஒரு மாதச் சோதனைக் காலம் கேளுங்கள். முன்பணம் கொடுங்கள், சேரவில்லை என்றால் எத்தனை நாளுக்குள் திருப்பலாம், வண்டி வாடகை யாருடையது, இடையில் நோய் வந்தால் செலவு யாருடையது என்று எழுதுங்கள். வாய்ச்சொல்லில் விட்ட இரண்டு பேர் கடைசியில் சொந்தக்காரர்களோடு பேச்சு நிறுத்தியதைப் பார்த்துவிட்டுத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

9. ஏற்றி வருவது

1978-ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிப்படி கால்நடை மருத்துவரின் தகுதிச் சான்று வேண்டும். வண்டியின் தளத்தில் மணலும் வைக்கோலும் பரப்புங்கள், வெறும் இரும்பில் குளம்பு வழுக்கும். விடியற்காலையில் கிளம்புங்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் காட்டுங்கள். பழைய இடத்திலிருந்து ஒரு வாரத் தீவனத்தையும் கூடவே ஏற்றிக்கொள்ளுங்கள். தீவனத்தைத் திடீரென்று மாற்றினால் வயிற்றுவலி வரும். பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாற்ற வேண்டும்.

10. முதல் 21 நாள்

நான் தவறவிட்டு அனுபவித்த இடம் இது. புதுக்குதிரை தனி இடத்தில், தனி வாளி, தனி பிரஷ், தனிக் கயிறோடு இருக்கட்டும். இரண்டும் ஒன்றையொன்று பார்க்கலாம், மூக்கு தொடக் கூடாது. முதலில் உங்கள் பழைய குதிரைக்கு வேலை செய்துவிட்டுப் பிறகுதான் புதியதிடம் போக வேண்டும்; திரும்பி வரும்போது கையையும் செருப்பையும் கழுவுங்கள். தாடைக்கட்டி நோய் வெளியே தெரிய இரண்டு வாரம் வரை ஆகும், அதனால்தான் 21 நாள்.

காலையும் மாலையும் காய்ச்சல் பார்த்து எழுதுங்கள். மூக்கில் சளி வருவதற்கு முன்பே தெர்மாமீட்டர் காட்டிக்கொடுக்கும். இந்த நாட்களில் குடற்புழு மருந்தை டேப் அளந்த எடைக்குக் கொடுங்கள். டெட்டனஸ் தடுப்பூசி கட்டாயம். குதிரையைப் போல அந்த நோய்க்கு எளிதில் இரையாகும் வளர்ப்பு விலங்கு வேறில்லை. ரேபிஸ் தடுப்பூசியும் போட்டுவிடுங்கள்.

வந்தது எலும்பும் தோலுமாக இருந்தால், பாவம் என்று கொள்ளையும் வெல்லத்தையும் அள்ளிக் கொட்டாதீர்கள். பட்டினி கிடந்த உடம்பில் மாவுச்சத்து திடீரென்று ஏறினால் ரத்தத்தில் உப்புகள் சரிந்து நாலைந்து நாளில் செத்துவிடும். குதிரை மசாலை ஒரு நாளைக்கு ஆறு தடவை, ஒவ்வொரு தடவையும் அரைக் கிலோவுக்கு உள்ளாக உலர்த்திக் கொடுத்து, பத்து நாளில் மெல்ல ஏற்றுங்கள். அதுவரை தானியம் வேண்டாம். டாக்டர் கூடவே இருக்க வேண்டிய கட்டம் இது.

11. சேர்த்து விடுவது

முதலில் வேலிக்கு இரு பக்கமும் விடுங்கள், நாலைந்து நாள். மூக்கோடு மூக்கு வைத்து மூச்சை இழுக்கும், வீல் என்று கத்தும், முன்னங்காலால் தரையை அடிக்கும். பயப்பட வேண்டாம், அவற்றுக்கு அதுதான் பேச்சு. என் செவலை மூன்றாம் நாள் வேலி ஓரமாகவே படுத்துத் தூங்கியது. அதன் நண்பன் செத்த பிறகு அது பக்கவாட்டில் நன்றாகச் சாய்ந்து படுத்ததை அன்றுதான் பார்த்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் புதியது நின்றபடி காதை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தது.

வேலி ஓரம் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்று மேயத் தொடங்கிய பிறகு ஒரே இடத்தில் விடுங்கள். காலையில் விடுங்கள், சாயங்காலம் வேண்டாம். ஏதாவது நடந்தால் பார்க்க வெளிச்சம் வேண்டும். பின்னங்கால் லாடம் இருந்தால் கழற்றிவிடுங்கள். தலைக்கயிறு மாட்டியபடி விடாதீர்கள், கால் சிக்கும். மூலையில் ஒன்று மற்றதை மடக்க முடியாதபடி விரிந்த இடமாக இருக்கட்டும். இரண்டு குதிரைக்கு மூன்று இடத்தில் புல் குவியுங்கள், ஒன்று விரட்டினால் மற்றது நகர்ந்து போய்த் தின்ன இடம் வேண்டும்.

ஒரு கால் மணி துரத்தல், ஒன்றிரண்டு உதை, காது மடக்கல் இயல்பு. நடுவில் குதிக்காதீர்கள், ஆட்கள்தான் அடிபடுவார்கள். ஆனால் ஒன்று மற்றதைத் தின்னவும் தண்ணீர் குடிக்கவும் விடாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரட்டினால், அல்லது கழுத்தைக் கவ்விக் கீழே தள்ளினால் பிரித்துவிடுங்கள். மறுபடியும் வேலிக் கட்டத்துக்குப் போக வேண்டும். ஒரு மாதத்தில் மூன்று முறை முயன்றும் சேரவில்லை என்றால் ஒப்பந்தப்படி திருப்பி அனுப்புங்கள். சில குதிரைகளுக்கு ஒத்துப்போகாது.

தானியம் கொடுக்கும் நேரத்தில் இரண்டையும் தனித்தனியே கட்டுங்கள். சேர்ந்த பிறகும் வாரத்தில் இரண்டு நாள் சில நிமிடம் பிரித்துப் பழக்குங்கள். இல்லையென்றால் ஒன்றைச் சவாரிக்கு வெளியே எடுக்கும்போது மற்றது கொட்டகையை உடைக்கும்.

12. உங்கள் குதிரையை இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டி வந்தால்

வெளியூர் போக வேண்டும், உடம்பு முடியவில்லை, நிலம் விற்றாகிவிட்டது. காரணம் எதுவானாலும் "இலவசம்" என்று அறிவிக்காதீர்கள். சும்மா கிடைக்கும் குதிரையை வாங்கி அடுத்த வாரமே கைமாற்றும் ஆட்கள் இருக்கிறார்கள். சிறு தொகையாவது கேளுங்கள், போய் இடத்தைப் பாருங்கள். அவர்கள் தயங்கினால் அங்கேயே நிறுத்துங்கள்.

குறைகளை முழுதாகச் சொல்லுங்கள். கடிக்கும் என்றால் கடிக்கும் என்றே. மறைத்தால் இரண்டு மாதத்தில் குதிரை மூன்றாவது கைக்குப் போகும், அதற்குப் பிறகு எங்கே என்று உங்களுக்குத் தெரியாது. வைக்க முடியாமல் போனால் உங்களிடமே திருப்ப வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். காலையில் எத்தனை மணிக்கு என்ன தின்னும், எந்தப் பக்கம் தொட்டால் பிடிக்காது, இடிச் சத்தத்துக்கு என்ன செய்யும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

மிக வயதாகி, தினமும் வலியில் நிற்கும் குதிரைக்குப் புதிய வீடு தேடுவது அதற்கு நல்லதல்ல. பழகிய இடத்தில், பழகிய கை பிடித்திருக்க, டாக்டர் ஊசி போட்டு முடிப்பது கருணை. இதை எழுத எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ரோட்டில் அவிழ்த்து விடுவது மட்டும் கூடாது. பட்டினிக்குத் தள்ளிக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

அனுப்பும்போது பழைய கயிறு, ஒரு மூட்டைத் தீவனம், மருத்துவச் சீட்டுகள் கூடப் போகட்டும். மூன்றாம் நாளும் பத்தாம் நாளும் போன் செய்யுங்கள். மூன்றாம் மாதம் சொல்லிவிட்டு ஒருமுறை நேரில் போங்கள். விலாவைத் தடவிப் பாருங்கள், எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் தெரியக் கூடாது. குளம்பு சீவியிருக்கிறதா, தொட்டியில் தண்ணீர் சுத்தமாக இருக்கிறதா, பக்கத்தில் இன்னொரு குதிரை நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.